தைப்பூசத்துக்குள் குணமான பிள்ளை

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். "மேடம், உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத வெற்றி ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டீர்கள். நானும் இரண்டு மூன்று சொன்னேன். கைதட்டினீர்கள், டீ கொடுத்தீர்கள், ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டீர்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு சரியில்லை. சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, சொல்வதற்குச் சுலபமானதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, திட்ட வேண்டியதுதான்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. திண்டுக்கல்லில் நம் நிலையத்தில் திக்கிப் பேசும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தே என் காலம் போனது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பிள்ளைகளிடம் வராது, பெற்றவர்களிடம் வரும். நாக்கில் வசம்பை உரசி உரசிப் புண்ணாக்கிக் கூட்டி வருவார்கள். வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசச் சொல்லி, அதை விழுங்கின பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். நத்தத்திலிருந்து ஒருத்தர் வருவார். மகன் ஒரு வார்த்தையை ஆரம்பித்தால் போதும், அவர் முடித்துவிடுவார். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். நாலாவது வாரம், "உங்க மகன் சோத்த வாயில வச்சா நீங்க மெல்லுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். மனுஷன் முகம் செத்துப்போனது. ஆனால் அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டார், பையனும் பேச ஆரம்பித்தான். பிள்ளையின் வார்த்தையை நாம் முடிக்கக் கூடாது என்று எத்தனை பேரிடம் கத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பவித்ராவுக்கு ஒன்பது வயது இருக்கும்போது அவளை முதலில் பார்த்தேன். குஜிலியம்பாறைக்கு அந்தப் பக்கம் பூசாரிப்பட்டி என்று சின்ன ஊர். மழையை நம்பிக் கடலையும் சோளமும் போடுகிற பூமி. அப்பா நூல் மில்லில் ஷிப்டு வேலை. அம்மா பேச்சியம்மாள்தான் சனிக்கிழமை தவறாமல் இரண்டு பஸ் மாறிக் கூட்டி வருவார். கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதில் முருங்கைக்காயோ பச்சைக் கடலையோ எதையாவது கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுத்தான் உட்காருவார். வேண்டாம் என்றால், "வீட்டுல காய்ச்சது மேடம், கடையில வாங்கியா வந்தேன்?" என்று அவர் பாட்டுக்குப் பையை உதறி மடித்து வைத்துக்கொள்வார்.

முதல் நாள் அந்தப் பிள்ளையிடம், "பெரியவளா ஆகி என்ன ஆகப் போற?" என்று கேட்டேன். அவள் கண்ணை இறுக்கி மூடினாள். தாடை நடுங்கியது. "ப… ப… ப்ப்ப்பள்ளிக்கூட டீச்சர் ஆகணும்" என்று சொல்லி முடிக்க அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. சொல்லி முடித்ததும் சிரித்தாள். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை எங்கெங்கே திக்குகிறது என்று மேஜைக்கு அடியில் விரலை மடக்கி எண்ணுவேன். தாளில் எழுதினால் பிள்ளைகள் கவனித்துவிடும் என்று நானே கண்டுபிடித்த உபாயம், அதில் எனக்குப் பெருமை வேறு. அன்றைக்கு நாலு விரல் மடங்கியது. அந்த எண்ணை எழுதி வைத்தேன். அவள் டீச்சர் ஆக ஆசைப்படுகிறாள் என்பதை எழுதி வைக்கவில்லை.

பயிற்சி என்னென்ன கொடுத்தேன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் அதைத்தான் கொடுக்கிறீர்கள். திக்காமல் ஒரு வாக்கியம் சொன்னால் ஒரு நட்சத்திரம் ஒட்டுவேன். பவித்ராவுக்கு நட்சத்திரம் என்றால் உயிர். ஆடியில் நோட்டில் பாதிப் பக்கம் காலி, ஐப்பசியில் ஒட்ட இடமில்லை. மடங்குகிற விரல்கள் வாரா வாரம் குறைந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெற்றோர் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கவைத்துப் பேச வைத்தேன். மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளைப் பார்த்து, "பாரு, அந்த அக்கா எப்படிப் பேசுது பாரு" என்றார்கள். பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நான் எதையெல்லாம் கவனிக்காமல் விட்டேன் என்று இப்போது சொல்கிறேன். படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வோம் இல்லையா? பப்பாளிப் படத்தைக் காட்டினேன். "மஞ்சளா இருக்கும், உள்ள கருப்பு விதை இருக்கும், அந்தப் பழம்" என்றாள். பூட்டைக் காட்டினேன். "சாவி வச்சுத் தொறப்போம்ல, கதவுல தொங்குமே, அது" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "திண்டுக்கல்லுல வந்து உக்காந்துக்கிட்டு பூட்டுக்கு எம்புட்டு அழகா விளக்கம் சொல்றா பாருங்க!" என்று பேச்சியம்மாளிடம் சொன்னேன். ஃபைலில் 'சொல்வளம் நன்று' என்று எழுதி, இரண்டு நட்சத்திரம் ஒட்டினேன். அவளுக்கு 'ப' வராது. வராத எழுத்தில் தொடங்குகிற வார்த்தை எதிரே வந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டாள். நான் அதற்கு நட்சத்திரம் கொடுத்துப் பழக்கினேன். இன்னொன்றும் சொல்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஏழெட்டு மாதம் வந்தவளிடம் ஒரு தடவைகூட "உன் பேரு என்ன?" என்று நான் கேட்கவில்லை. பெயர்தான் ஃபைல் மேலேயே இருந்ததே!

மார்கழி கடைசியில் ஒரு சனிக்கிழமை பேச்சியம்மாள் பையை மேஜையில் வைத்தார், உட்காரவில்லை.

"மேடம், ஒரு விசயம் கேக்கணும்."

"உக்காந்து கேளுங்க."

"புள்ள நல்லாப் பேசிட்டா பழனிக்கு நடந்தே வாரேன்னு வேண்டியிருக்கேன். ஊர்ல இந்தத் தைப்பூசத்துக்கு ஒரு கூட்டம் கிளம்புது. நீங்க குணமாயிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீகன்னா நானும் மாலையப் போட்டுருவேன்."

திக்கலுக்கு 'குணம்' என்ற வார்த்தையை நாம் சொல்லக் கூடாது. குறையும், கூடும், வருஷக்கணக்கில் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கும் பாடத்தில் இருக்கிறது, எனக்கும் இருந்தது. நான் என்ன செய்தேன்? முந்தின மூன்று வாரக் கணக்கைப் புரட்டினேன். இரண்டு, ஒன்று, ஒன்று. வெளியே வராண்டாவில் புதுப் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தன. இந்த அம்மா வாரா வாரம் விடிவதற்கு முன் எழுந்து ஓடி வருகிறார். என் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்க இப்படி நிற்கிறார். எனக்கும் அதைச் சொல்ல ஆசையாக இருந்தது. அதுதான் உண்மை, மற்றதெல்லாம் சாக்கு.

"குணமாயிருச்சும்மா. நல்லபடியா நடந்துட்டு வாங்க" என்றேன்.

பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பவித்ரா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைச் சந்தோஷம் என்று நினைத்தேன். அன்றைக்கே ஃபைலை முடித்துக் கையெழுத்துப் போட்டேன். மாசியில் ஒரு டப்பா பஞ்சாமிர்தம் வந்து சேர்ந்தது. நிலையத்தில் எல்லோரும் கையில் வாங்கி நக்கித் தின்றோம்.

அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் அவளை நான் நினைக்கவே இல்லை. நினைத்திருந்தாலும், பெருமைப்பட்டுக்கொள்ளத்தான் நினைத்திருப்பேன்.

ஒரு முகாமுக்காகக் குஜிலியம்பாறை தாண்டிப் போக வேண்டி வந்தது. சாயங்கால பஸ். கடைசி ஸீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். குஜிலியம்பாறையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கும்பலாக ஏறினார்கள். அதில் பவித்ராவும் இருந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள், ரெட்டைச் சடையில் ரிப்பன். என்னைக் கவனிக்கவில்லை. இறங்குகிற நேரத்தில் கூப்பிட்டுத் திடுக்கிட வைக்கலாம் என்று பேசாமல் இருந்தேன்.

நடத்துனர் வந்தார். பள்ளிச் சீருடை என்பதால் பாஸைக் கேட்கவில்லை.

"அனுப் பாப்பா, கரட்டூர்தான?" என்றார்.

"ஆமாண்ணே, கரட்டூர்" என்றாள். தண்ணீர் மாதிரி வந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் என் பக்கம் வந்ததும், "அந்தப் பொண்ணு பேரு பவித்ரா இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லைங்கம்மா, அது அனு. கரட்டூர் புள்ள. தெனம் நம்ம வண்டிலதான் வரும். வாயே தொறக்காது, தங்கமான புள்ள."

பூசாரிப்பட்டி வந்தது. ஊர் பெயரைச் சொல்லி நிறுத்தச் சொன்னால்தான் அங்கே பஸ் நிற்கும். யாரும் சொல்லவில்லை. ரோட்டிலிருந்து பார்த்தாலே பேச்சியம்மாள் வீடு தெரியும். வாசலில் அவர் கடலைக்கொடியை உலர்த்திக்கொண்டிருந்தார். பவித்ரா கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டைப் பார்த்தாள், வீடு பின்னால் போகும்வரை தலையைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்தது கரட்டூர். இறங்கினாள். வந்த வழியிலேயே திரும்பி நடக்க ஆரம்பித்தாள். நான் அடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

"பவித்ரா!"

திரும்பினவள் முகத்தில் இருந்தது பயம். நாயைக் கண்டால் வருகிற பயம் இல்லை, திருடி மாட்டிக்கொண்டால் வருமே, அது.

உங்களுக்கு இந்த நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள் என்று தெரியாது. நான் செய்தது இதுதான். எனக்குக் கோபம் வந்தது. என் மேலேதான் கோபம், ஆனால் அது அவள் மேல் போனது. "எத்தனை நாளா இப்படி நடக்குற? உனக்கு நான் என்ன சொல்லிக் குடுத்தேன்? மூச்ச விட்டு, மெதுவா ஆரம்பிச்சா வராதா? எங்க, ஊர் பேரச் சொல்லு பாப்போம்" என்றேன். இருபக்கமும் வேலிக்காத்தான், நடுவில் தார் ரோடு. அங்கே நிறுத்தி வைத்துப் பயிற்சி கொடுக்கிறேன் நான்!

அவள் சொல்லப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் மேலே போனது. முதல் நாள் பார்த்ததைவிட மோசம். இரண்டு வருஷமாக யார் முன்னாலும் வராமல் அடக்கி வைத்ததெல்லாம் அந்த ஒரு எழுத்தில் வந்து நின்றது. சத்தமே வரவில்லை. அந்த நேரம் பார்த்து மொபெட்டில் ஒருத்தர் வந்தார். வண்டியை மெதுவாக்கி எங்களை வெறித்துப் பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவளுக்காக வெட்கப்படவில்லை, நான் குணமாக்கிவிட்டேன் என்று சொன்ன பிள்ளை நடுரோட்டில் இப்படி நிற்கிறதே என்று எனக்காக வெட்கப்பட்டேன்.

"பூசாரிப்பட்டி. சரி, சரி, விடு" என்றேன்.

அவள் ஊர் பெயரை நான் முடித்தேன். நத்தத்துக்காரரை அந்த விரட்டு விரட்டினேனே, அதே நான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பூசாரிப்பட்டியைப் பார்த்து நடந்தோம். தினமும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இப்படி நடக்கிறாள். பஸ் லேட் என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறாள். பேரும் ஊரும் 'ப'வில் தொடங்குவதால்தான் நடத்துனரிடம் அனு, கரட்டூர் என்று சொல்லி வைத்திருக்கிறாள். இதையெல்லாம் நான் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். கடைசியில், "அம்மாட்ட சொல்லியிருக்கலாம்ல? திரும்ப என்கிட்ட கூட்டிட்டு வந்திருப்பாங்கள்ல?" என்றேன்.

அவள் நின்றாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"அ… அம்மா ந… ந… நடந்துட்டாங்க மேடம்."

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னாள். "கா… காலு ரெண்டும் கொ… கொப்புளம். ஒரு வாரம் எந்திரிக்கல. ஊருக்கே சோ… சோறு போட்டாங்க."

சாமிக்குச் செலுத்தியாகிவிட்டது. இனி அந்தப் பிள்ளை எந்த வாயால் திக்கும்? நான் குணம் என்றேன், அம்மா நடந்தார், ஊர் சாப்பிட்டது. மூன்றும் சேர்ந்து அவள் வாயை அடைத்துவிட்டன. அவள் அழவில்லை, நான்தான் புடவைத் தலைப்பைத் தேடினேன்.

"அம்மாட்ட சொ… சொல்லிராதீங்க மேடம்" என்றாள். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவள் வீட்டுக்குள் போகாமல் அப்படியே அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அதற்காக என்னைப் பாராட்டாதீர்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. அவளே வருவாள் என்று காத்திருந்தேன். அடுத்த வாரம் போகலாம், பரீட்சை முடியட்டும், வெயில் குறையட்டும் என்று தள்ளினேன். பேச்சியம்மாளிடம் பக்குவமாக உட்கார்ந்து, "அம்மா, தப்பு என்னுது. நீங்க நடந்தது வீண் இல்ல, நான் சொன்ன வார்த்ததான் தப்பு" என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா என்னை நாலு வார்த்தை கேட்டிருப்பார். கேட்டுவிட்டு அடுத்த சனிக்கிழமை மஞ்சள் பையோடு வந்திருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான். நான்தான் அந்த நாலு வார்த்தைக்குப் பயந்தேன்.

நிலையத்தில் சிலதை மாற்றினேன், அது வேறு. நட்சத்திர நோட்டைத் தூக்கிக் கடாசினேன். முதல் நாளே பிள்ளையிடம் பெயரைக் கேட்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருப்பேன். வாரா வாரம், "இந்த வாரம் சொல்ல நெனச்சு சொல்லாம விட்டது என்ன?" என்று கேட்பேன். மாதம் ஒரு தடவை பிள்ளைகளையும் பெற்றவர்களையும் டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவேன். அவரவர் இறங்குமிடத்தை அவரவரே சொல்ல வேண்டும், திக்கித்தான் சொல்ல வேண்டும். ஒரு தடவை ஒரு நடத்துனர் ஒரு பையனுக்காகப் பொறுமையாக நின்றார், அவன் சொல்லி முடித்ததும் பஸ்ஸே கைதட்டியது. வேண்டுதல் என்று யாராவது வந்தால், "திக்காம பேசணும்னு வேண்டாதீங்க, புள்ள நிறையப் பேசணும்னு வேண்டிக்கங்க" என்பேன். இதெல்லாம் நல்ல மாற்றம் என்று நீங்கள் சொல்வீர்கள். மற்ற பிள்ளைகளுக்கு நல்லதுதான்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் ஒருநாள் பூசாரிப்பட்டிக்குக் கிளம்பினேன். இந்தத் தடவை சொல்லியே தீருவது என்று பஸ்ஸில் போகும்போதே வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனேன். இறங்க வேண்டிய ஊர் பெயரை நானே சொல்லி இறங்கினேன்.

பேச்சியம்மாள் வாசலிலேயே பார்த்துவிட்டார். "ஆத்தாடி, மேடமா! ஏ பவி, யாரு வந்துருக்காகன்னு பாரு!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். உள்ளே பாய் விரித்தார். சுவரில் பழனி முருகன் படம், அதன் கீழே அவர் நடந்தபோது போட்டிருந்த மாலை இன்னும் தொங்கியது. "அம்புட்டுப் பேரும் கைவிட்ட புள்ளையப் பேச வச்சது நீங்கதான் மேடம். இன்னிக்கும் வெளக்கு ஏத்தயில உங்களையும் சேத்துத்தான் கும்புடுறேன்" என்றார். நான் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் தொண்டையில் நின்றன. எனக்கும் திக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பவித்ரா காபி கொண்டுவந்தாள். பதினாறு வயது, பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள். டம்ளரைக் கையில் கொடுத்தபோது என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது, சொல்லிவிடாதே என்பது. நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"அடுத்து என்ன படிக்கப் போற?" என்று கேட்டேன்.

"ஏதோ கம்ப்யூட்டர் கோர்ஸுங்கிறா மேடம்" என்றார் பேச்சியம்மாள். "தனியா உக்காந்து செய்யிற வேலையாம். சின்னதுல டீச்சர், டீச்சர்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தா. இப்ப அந்தப் பேச்சையே காணோம்."

நான் பவித்ராவைப் பார்த்தேன். "டீச்சர் ஆகணும்னு என்கிட்டதான் மொதல்ல சொன்ன, ஞாபகம் இருக்கா?"

என்னையறியாமல் வலது கை டம்ளருக்குக் கீழே போயிருந்தது. திக்கலை எண்ணுகிற பழக்கதோஷம். அவள் எங்கே திக்கினாலும் சரி, எத்தனை தடவை திக்கினாலும் சரி, அங்கேயே, அவள் அம்மா முன்னாலேயே அவளை அணைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

அவள் சிரித்தாள்.

"அந்த ஆசையெல்லாம் இல்லைங்க மேடம். எனக்கு இதுவே நல்லாயிருக்கு."

பேச்சியம்மாள் என்னைப் பெருமையாகப் பார்த்தார். என் ஐந்து விரலும் நீட்டியபடியே இருந்தன.